பதினொன்றரைக்கு அடித்த மணி

கேள்வித்தாளைக் கையில் கொடுத்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. என் மகள் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வாசலுக்கு நடந்தாள்.

பரீட்சை நடந்தது எங்கள் வீட்டு முன்னறையில். ஒத்திகைப் பரீட்சைதான். எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட பிள்ளைக்குத் தேர்வு மண்டபம் எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டுமே என்று ஒரு மேசை, ஒரு நாற்காலி, நானே எழுதிய கேள்வித்தாள், மணிக்குப் பதிலாக ஓர் எவர்சில்வர் தட்டும் கரண்டியும் வைத்துக்கொண்டு கெத்தாக உட்கார்ந்திருந்தேன்.

"எங்கடி போற?"

"அப்பாவ ஒண்ணு கேட்டுட்டு வர்றேம்மா."

"பரீட்சைல யாரையும் கேக்கக் கூடாது."

"ஏன்? அப்பாவுக்குத் தெரியுமே!"

கேட்டது சதவீதக் கணக்கு. அவளுக்குச் சதவீதம் அறிமுகமானதே புளியில்தான். பத்து கிலோ பழம் உடைத்தால் ஓடு எவ்வளவு, நார் எவ்வளவு, கொட்டை எவ்வளவு, கடைசியில் கைக்கு வரும் புளி எவ்வளவு என்று எடை போட்டுப் போட்டே கற்றுக்கொண்டாள். களத்தில் புளி உலர்த்திக்கொண்டிருந்த என் கணவர் பழனி, அவள் வாசலில் நின்று வாசித்த கேள்வியைக் கேட்டு, ஜன்னல் வழியாகவே விடையைச் சத்தமாகச் சொன்னார். நான் தட்டை ஓங்கி அடித்தேன். அப்பனும் மகளும் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்பது போல என்னைப் பார்த்தார்கள்.

ஆறு வருடம் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். தெரிந்ததை மறைத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக் கொடுக்க மறந்துவிட்டேன்.

ஒரு வாசகரின் கேள்வி

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். "பள்ளிக்கூடத்தை இவ்வளவு திட்டுகிறீர்களே அம்மா, இந்தத் தமிழை எங்கே படித்தீர்கள்?"

நல்ல கேள்வி. பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன் ஐயா. அதோடு நிற்கவில்லை. மலையடிவாரத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது வருடம் கணக்கு டீச்சராகவும் இருந்தேன். என் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும் என்று மற்ற டீச்சர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நானும் பெருமைப்பட்டேன். அதனால்தான் இவ்வளவு திட்ட முடிகிறது. உள்ளே இருந்தவளுக்குத்தானே எந்தச் சுவர் எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று தெரியும்?

என் மகள் தேன்மொழி நான் வேலை பார்த்த பள்ளியிலேயே படித்தாள். அப்போது நாங்கள் ஆலங்காயத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். ஒரு நாள் சாயங்காலம் நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் ஏதோ நிழல் அசைந்தது. திரும்பிப் பார்த்தால் குழந்தை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"இன்னாடா?"

"மிஸ், தண்ணி குடிக்கட்டுமா?"

சொந்த வீட்டில், சொந்த அம்மாவிடம், தண்ணீர் குடிக்க அனுமதி! "மிஸ்" என்று அழைத்தது அவளுக்கே தெரியவில்லை. பாடம் நடக்கும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும் என்ற விதியை அந்தப் பள்ளியில் கொண்டுவந்ததே நான்தான். தண்ணீர் குடித்தால் அடிக்கடி வெளியே போகக் கேட்பார்கள், பாடம் கெடும் என்று மீட்டிங்கில் எழுந்து நின்று வாதாடி வாங்கிய விதி அது.

வெங்காயத்தால் வந்த கண்ணீர் என்று குழந்தையிடம் சொன்னேன். அந்த வருடக் கடைசியில் வேலையை விட்டேன். பழனிக்குப் புதூர்நாட்டுப் பக்கம் அவர் அப்பா வைத்துவிட்டுப் போன நிலம் இருந்தது. சாமை போடலாம், புளியமரம் இருக்கிறது, இரண்டு பலா இருக்கிறது, வா என்றார். மூட்டை கட்டிக்கொண்டு மலை ஏறினோம்.

ஜீப்பில் கிடைத்த பட்டம்

மேலே வந்ததும் எனக்கு "டீச்சரம்மா" என்ற பெயர் நிலைத்துவிட்டது. மகளைப் பள்ளிக்கு அனுப்பாத டீச்சரம்மா என்றால் ஊர் சும்மா விடுமா?

ஷேர் ஜீப் ஓட்டும் அண்ணாமலைக்கு என்னைக் கண்டாலே வாய் சும்மா இருக்காது. ஜீப் நிறைந்தால்தான் வண்டியை எடுப்பார். நிறையும் வரைக்கும் பொழுதுபோக வேண்டுமே. "வாத்தியார் புள்ள மக்கு, வைத்தியர் புள்ள சீக்குன்னு சும்மாவா சொன்னாங்கோ" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே சொல்வார். மொத்த ஜீப்பும் சிரிக்கும். நானும் முறைத்துக்கொண்டே சிரிப்பேன்.

அவருக்குப் பதில் சொல்வது சுலபம். பதில் சொல்ல முடியாமல் என்னை நிறுத்தியவள் மல்லிகா.

மல்லிகா பக்கத்து ஊர்க்காரி. முப்பது தாண்டியவள், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. எட்டாவது தனித்தேர்வை இரண்டு தடவை எழுதி, மற்ற பாடம் எல்லாம் தேறி, கணக்கில் மட்டும் இரண்டு தடவையும் போனவள். அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்தில் ஒரு வேலை காலியாக இருந்தது. எட்டாவது தேறியிருக்க வேண்டும் என்றார்கள். இந்தத் தடவையும் தேறாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். மழை பொய்த்த வருடத்தில் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய்வரும் குடும்பம் அவளுடையது. பிள்ளைகளை விட்டுவிட்டு இனிமேல் மலையை விட்டு இறங்கக் கூடாது என்பது அவள் கணக்கு.

உங்கள் மகளோடு நானும் உட்கார்ந்து படிக்கட்டுமா என்று கேட்டு வந்தாள். வா என்றேன். வந்த முதல் நாளே கேட்டாள்.

"டீச்சர், கேக்குறேன்னு கோச்சிக்காதீங்க. எனக்கு அஞ்சாவதுக்கு மேல படிக்க ஸ்கூலு இல்ல. ரெண்டு மலை தாண்டிப் போவணும்னு வூட்ல நிறுத்திட்டாங்க. ஒரு வாரம் சோறு துன்னாம அழுதேன். உங்களுக்குக் கூப்டு தூரத்துல ஸ்கூல் கீது. வேணாங்குறீங்க. இன்னா நியாயம் இது?"

"முதல்ல பின்னத்தப் பாப்போம்" என்று பேச்சை மாற்றினேன். கோபம் மட்டும் இரண்டு நாள் இருந்தது. கோபம் அவள்மேல் இல்லை, பதில் கிடைக்காததால்தான்.

உள்ளேன்

மல்லிகாவுக்குக் கணக்கு தெரியாது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். கோயில் கூழுக்கு எத்தனை பேர் வருவார்கள், எத்தனை படி மாவு, எவ்வளவு தண்ணீர் என்று அடுப்பைப் பற்ற வைக்கும்போதே சொல்லிவிடுவாள். மீதமும் ஆகாது, பற்றாமலும் போகாது. அதே விகிதக் கணக்கைத் தாளில் எழுதி முன்னால் வைத்தால் பேனா நகராது. அஞ்சாவதில் ஒரு கழித்தலைத் தப்பாகப் போட்டதற்கு ஒரு பகல் முழுக்க வகுப்பு வாசலில் முட்டி போட்டிருக்கிறாள். கழித்தல் மறந்துவிட்டது, முட்டி மறக்கவில்லை.

அவளுக்கு வாய்க்கணக்காகச் சொல்ல வைத்து, அப்புறம் அதையே எழுத வைப்பது என் வேலை. பாதி வேலையைத் தேன்மொழியே எடுத்துக்கொண்டாள். "அக்கா, இது கூழு கணக்குதான்க்கா, மாவுக்குப் பதிலா எக்ஸுன்னு போட்டுக்கீறாங்க, அவ்ளோதான்" என்பாள். மல்லிகா நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழுதுவாள்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, பாடம் தொடங்கும் முன் மல்லிகா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"டீச்சர், அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டீங்களா?"

நான் சிரித்துவிட்டேன். இருப்பதே இரண்டு பேர். அவள் சிரிக்கவில்லை என்று பிறகுதான் கவனித்தேன். காலண்டரில் கிழித்த தாளை எடுத்துப் பின்பக்கத்தில் இரண்டு பெயர் எழுதினேன். கூப்பிட்டேன்.

"மல்லிகா."

விறைப்பாக எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"உள்ளேன் டீச்சர்."

"இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

நான் எதையெல்லாம் பள்ளிக்கூடத்தின் பொல்லாப்பு என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தேனோ, அந்த வருகைப்பதிவு, வரிசை, மணி, அத்தனையும் இவளுக்குக் கிடைக்காமல் போன பலகாரம். எனக்குத் திகட்டியது என்பதற்காக இவளுக்குப் பசியே இல்லை என்று சொல்ல முடியுமா? அன்றைக்குத்தான் என் வாய் கொஞ்சம் அடங்கியது.

"எனக்கும் கூப்புடும்மா" என்றாள் தேன்மொழி.

"தேன்மொழி."

"இங்கதான கீறேன். தெரியலையா உனக்கு?"

மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடங்கிய என் வாய் மறுபடி திறந்துகொண்டது.

தட்டு அடித்தால் பேனா கீழே

மிச்சமிருந்த நாட்களில் என் வீடு பள்ளிக்கூடமாகிவிட்டது. ஒளிக்காமல் சொல்கிறேன், நான் விட்டுவந்த பள்ளியைவிடக் கறாரான பள்ளிக்கூடம்.

இரண்டு மணி நேரம் எழுந்திருக்கக் கூடாது. பக்கத்தில் பார்க்கக் கூடாது. ஜன்னலை மூடினேன், பழனியின் வாயையும் மூடினேன். முக்கியமான பயிற்சி கடைசியில். தட்டை அடித்தால் பேனா கீழே போக வேண்டும். உண்மையான மண்டபத்தில் மணிக்கு அப்புறம் எழுதிக்கொண்டிருந்தால் என்ன சொல்வார்களோ என்ற பயம் எனக்கு.

மல்லிகா அதில் புலி. தட்டுச் சத்தம் கேட்ட நொடியில் பேனா விழும். பாதி எழுதிய எட்டு பூஜ்யமாகவே நிற்கும். தேன்மொழியோ, "இந்த வரிய முடிச்சிட்டும்மா" என்பாள். தாளைப் பிடுங்குவேன். "அக்காவப் பாத்துக் கத்துக்கோ, மணி அடிச்சா அடிச்சதுதான்" என்று கத்துவேன்.

இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்க மாட்டேன்.

நேரம் பார்த்து எழுதப் பழக வேண்டுமே, மண்டபத்துக்குள் செல்போனும் கூடாதே என்று பழனி ஆலங்காயம் போன அன்றைக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்தார். கறுப்புப் பட்டை, பெரிய பெரிய எண்கள். தேன்மொழி அதைக் கழற்றாமல் குளித்து, உள்ளே ஆவி படிந்து, அரிசிக்குள் புதைத்து வைத்து ஒரு வழியாக ஓட வைத்தோம்.

அன்றைய தினம்

கணக்குப் பரீட்சை அன்று முதல் ஜீப். பனி விலகவில்லை. வளைவுகளில் அண்ணாமலை ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கினார்.

"இன்னா டீச்சரம்மா, ஸ்கூல் வேணாம்னவங்க ஸ்கூலுக்குப் போறீங்களே!"

"பரீட்சைக்குப் போறோம்ப்பா. ஸ்கூலுக்கு இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றார். அன்றைக்கு ஜீப் நிறையும் வரை காத்திருக்காமல் வண்டியை எடுத்தவரும் அவர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தேர்வு மையம் கீழே டவுனில் ஒரு பள்ளி. மல்லிகா செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே போனாள். எவ்வளவு சொல்லியும் போட்டுக்கொள்ளவில்லை. பத்து மணிக்குத் தேர்வு தொடங்கியது. பன்னிரண்டு மணிக்கு முடியும் என்று நுழைவுச்சீட்டிலேயே போட்டிருந்தது. நான் வெளியே மதில் ஓரமாக வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்கான வேறொரு பள்ளி. வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இனி சொல்லப்போவது நான் பார்த்ததல்ல. திரும்பி வரும்போது ஜீப்பில் இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னது.

மண்டபத்தில் இருபது பேருக்குப் பக்கம் இருந்தார்களாம். முக்கால்வாசிப் பேர் வயது வந்தவர்கள். தேன்மொழிக்குப் பின்னால் காதோரம் நரைத்த ஒரு கொத்தனார். பக்கத்து வரிசையில் மல்லிகா. சுவர்க் கடிகாரம் என்றைக்கோ நின்றுபோனது. எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கிறது. மல்லிகாவின் பேனாகூட நகராமல் நிற்கவில்லை. கூழுக் கணக்காகவே நினைத்து ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

திடீரென்று மணி அடித்தது. நீளமாக.

மண்டபம் முழுவதும் பேனாக்கள் கீழே போயின. மல்லிகாவுடைய பேனா எல்லாவற்றுக்கும் முதலில். கடைசிக் கணக்கில் பாதி நின்றது. நடுவில் பிறகு போடலாம் என்று விட்ட இரண்டு கணக்குகள் வெள்ளையாக இருந்தன. கண்காணிப்பாளர் இளவயது ஆசிரியர். அவரும் எழுந்து முன் வரிசையிலிருந்து தாள்களை வாங்கத் தொடங்கிவிட்டார். மல்லிகா கொடுத்துவிட்டாள். கொடுக்கும்போதே இந்தத் தடவையும் போச்சு என்று தெரிந்துவிட்டதாம். அப்படியும் கொடுத்தாள்.

தேன்மொழியிடம் வந்து கை நீட்டினார்.

"சார், டைம் ஆவலியே" என்றாள் தேன்மொழி.

"மணி அடிச்சிடுச்சு பாப்பா."

"அடிச்சிட்டாங்க சார். ஆனா பதினொன்றரதான் ஆவுது. எனக்கு இன்னும் நாலு கணக்கு கீது." கையைத் திருப்பிக் கடிகாரத்தைக் காட்டியிருக்கிறாள். முரண்டு பிடிக்கவில்லை. வீட்டில் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்வாளே, அந்தக் குரல்.

"பேசாம குடும்மா. உன் வாட்ச் தப்பா ஓடும்."

தேன்மொழி சுற்றிலும் பார்த்தாள். எங்கள் வீட்டில் யாராவது ஒன்றைத் தப்பாகச் சொன்னால் தெரிந்தவர் உடனே சொல்லிவிடுவோம். இங்கேயும் யாராவது சொல்வார்கள் என்று அவள் எதிர்பார்த்திருக்கிறாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின்னால் இருந்த கொத்தனார் கையிலும் ஒரு கடிகாரம் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் தாளை நீட்டினார்.

அப்போதுதான் மல்லிகா எழுந்தாள்.

"உக்காருங்கம்மா" என்றார் கண்காணிப்பாளர்.

மல்லிகா உட்காரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

"பாப்பா சொல்றது சரிதாங்க சார். சீட்டுல பன்னெண்டுன்னு போட்டுக்கீது. அது பக்கத்து ஸ்கூல் மணியா இருக்கும்ங்க. எங்க பேப்பர எங்க கைல குடுங்க. இன்னும் அர மணி நேரம் எங்களோடது."

எங்களோடது. ஜீப்பில் இந்தச் சொல்லை அவள் மூன்று தடவை திருப்பிச் சொன்னாள்.

அவள் எழுந்ததும் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். கொத்தனாரும் எழுந்தார். சத்தம் கேட்டுத் தலைமைக் கண்காணிப்பாளர் வந்தார், தன் கடிகாரத்தைப் பார்த்தார், தாள்களை உடனே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். வீணான நிமிடங்களையும் கடைசியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். மதிலுக்கு அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகளை வீட்டுக்கு விடுகிற மணி அது.

அந்த இளவயது ஆசிரியரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேர்வு முடிந்ததும் மல்லிகாவிடம் வந்து, "மன்னிச்சிருங்கம்மா, பழக்க தோஷம்" என்றாராம். "ஒரு சார் என்கிட்ட மன்னிப்பு கேட்டாருன்னு ஊர்ல சொன்னா நம்புவாங்களா டீச்சர்?" என்று மல்லிகா கேட்டாள். அண்ணாமலை வண்டியை ஓட்டிக்கொண்டே, "நான் நம்புறேன், மேல சொல்லு" என்றார்.

கொத்தனார் சொன்ன பதில்

எங்கள் வீட்டுப் பிள்ளை எதையும் கேட்காமல் விடாது. வெளியே வந்ததும் கொத்தனாரைப் பிடித்துக்கொண்டாள். இது என் கண் முன்னால் நடந்தது.

"மாமா, உங்க கைலயும் வாட்ச் இருந்துச்சே?"

"இருந்துச்சு பாப்பா."

"பதினொன்றரன்னு காட்டுச்சா?"

"காட்டுச்சு."

"அப்பறம் ஏன் குடுத்தீங்க?"

அவர் தன் கடிகாரத்தை இன்னொரு தடவை பார்த்தார். "மணி அடிச்சாங்களே" என்றார்.

தேன்மொழிக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. ஏனென்றால், இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதப் போகிறேன்.

அந்த மணி அடித்தபோது நான் வேப்பமரத்தடியில் இருந்தேன் அல்லவா? சத்தம் கேட்டதும் சட்டென்று எழுந்தேன். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டேன், பையை எடுத்துத் தோளில் மாட்டினேன், வாசலுக்குப் போய் நின்றேன். மணி மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, என் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் வந்தது. கையில் செல்போன் இருந்தது. நேரம் பார்த்தேன். பதினொன்றரை.

என் போன்தான் தப்பு என்று நினைத்தேன்.

பதினேழு வருடம் படித்தவள், ஒன்பது வருடம் பாடம் நடத்தியவள், ஆறு வருடமாகப் பள்ளிக்கூடத்துக்கு எதிராக வாய் கிழியப் பேசுகிறவள், பேனா தொட்டு எழுதுகிறவள். மணிச் சத்தம் கேட்டதும் என் கண்ணை நான் நம்பவில்லை. இதில் கொத்தனாரைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

இன்னும் கேவலம், இந்தப் பழக்கத்தைத்தான் மூன்று வாரமாகத் தட்டும் கரண்டியுமாக என் மகளுக்கு ஊட்டப் பார்த்தேன். அவளுக்கு அது ஒட்டவில்லை. ஒட்டாமல் போனதற்காக அவள் தாளைப் பிடுங்கினேன், கத்தினேன். அந்த ஒட்டாத பிள்ளைதான் இருபது பேருக்கு அரை மணி நேரத்தை மீட்டுக் கொடுத்தாள்.

கடிதம் போட்ட வாசகரே, பள்ளிக்கூடத்தை மூடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மல்லிகாவுக்கு இரண்டு மலை இந்தப் பக்கமாக ஒன்று இருந்திருக்க வேண்டும். இல்லாமல் போனது அநியாயம். அவள் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: அவள் அழுததும் நியாயம், நான் மகளை வெளியே கூட்டி வந்ததும் நியாயம். கதவு யாருக்கும் மூடியிருக்கக் கூடாது. உள்ளே போன பிள்ளைக்குக் கையில் கட்டிய கடிகாரத்தைப் பார்க்கத் தைரியம் போய்விடவும் கூடாது. அவ்வளவுதான் என் கட்சி. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருடமும் ஒரு வேப்பமரத்தடியும் தேவைப்பட்டன.

முடிவு வந்த நாள்

ஜெயித்தோம். அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. ஜெயித்தோம்!

எங்கள் வீட்டுப் பக்கம் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் பலாமரத்துக்கு மேலே உள்ள பாறை. மூன்று பேரும் அங்கே ஏறி நின்று முடிவைப் பார்த்தோம். தேன்மொழி எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாள். மல்லிகா கணக்கில் தேறியிருந்தாள். அதுவும் தேன்மொழியைவிட நான்கு மதிப்பெண் கூடுதலாக.

"இன்னா பாப்பா, அக்காவப் பாத்துக் கத்துக்கோ" என்றாள் மல்லிகா, என் குரலிலேயே. மூன்று பேரும் பாறைமேல் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் கீழே களத்தில் இருந்த பழனி என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார். அன்று மாலைக்குள் அண்ணாமலை ஜீப் போகும் இடமெல்லாம் செய்தி போய்விட்டது. வாத்தியார் பிள்ளை மக்கு என்ற பழமொழி அதற்கப்புறம் அந்த வண்டியில் கேட்கவில்லை. வேறு பழமொழி தேடிக்கொண்டிருக்கிறார்.

தேன்மொழி இப்போதும் வீட்டில்தான் படிக்கிறாள். அடுத்து பத்தாவது. தட்டு சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டது. கரண்டி பட்ட இடத்தில் ஒரு சொட்டை மட்டும் இருக்கிறது. அந்தத் தட்டில் நான்தான் சாப்பிடுகிறேன்.

மல்லிகாவுக்கு அந்த வேலை கிடைத்தது. அவள் சேர்ந்த முதல் நாள் மத்தியானம் என் போன் அடித்தது. நான் பாறைப் பக்கம் புல் அறுத்துக்கொண்டிருந்ததால் நல்லவேளையாக சிக்னல் இருந்தது. எடுத்தால் அவள் பேசவில்லை. பிள்ளைகளின் கூச்சலும் சாம்பார்க் கரண்டிச் சத்தமும் கேட்டன. அப்புறம் டங், டங், டங் என்று மரத்தில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை யாரோ அடிக்கும் சத்தம்.

"கேட்டுச்சா டீச்சர்?" மூச்சு வாங்கியது அவளுக்கு. "சாப்பாட்டு மணிய என்னியே அடிக்கச் சொல்லிட்டாங்க. சரியா பன்னெண்டர. ரெண்டு தடவ வாட்ச்சப் பாத்துட்டுதான் அடிச்சேன்."

போனைக் காதிலிருந்து எடுத்து நேரம் பார்த்தேன். பன்னிரண்டு முப்பது.

"என் போனும் அதையேதான் சொல்லுது" என்றேன்.